அம்பத்தூர் கப்பற்படை

எங்கள் அம்பத்தூர் ஒரகடம் தெருவுக்குள் லாரி வருவது புதிதல்ல. மணல் வரும், ஜல்லி வரும், வீடு காலி செய்கிறவர்களின் பீரோ வரும். 2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்த லாரியில் ஒரு மோட்டார் படகு இருந்தது.

16 அடி நீளம். வெள்ளை உடம்பு, நீலக் கரை. பின்னால் 25 குதிரைசக்தி எஞ்சின், கோணிப்பை போர்த்திக்கொண்டு. தெரு நாய்கள் நான்கும் குரைக்க மறந்து நின்றன. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமி, "யாரோடது சார் இது?" என்று என்னைத்தான் கேட்டார். தெருவில் எது நடந்தாலும் என்னைக் கேட்பது அவர் வழக்கம்.

"தெரியலையே மாமி" என்று சொல்லி வாய் மூடவில்லை. லாரியின் முன் ஸீட்டிலிருந்து என் மச்சினன் குதித்தான்.

"மாமா, அந்த கேட்டைக் கொஞ்சம் திறங்க. பக்கத்துக் காலி மனைல வெச்சுக்கலாம். ஓனர் கிட்ட பேசிட்டேன்."

(என்னிடம் பேசவில்லை. அதைப் பிறகு என் மனைவியிடம் சொன்னபோது, "உங்க கிட்ட பேசியிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அவன் புத்திசாலி" என்றாள்.)

தரையில் ஓடுகிற சமாசாரங்களில் எங்கள் பக்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அம்பத்தூருக்கு 1949-லேயே சைக்கிள் கம்பெனி வந்துவிட்டது. ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. ஆனால் கடல் என்பது, எலெக்ட்ரிக் ட்ரெயினில் பீச் ஸ்டேஷன் வரை போய், அப்புறம் ஒரு பஸ்ஸும் பிடித்தால் கிடைக்கிற வஸ்து. இந்த ஊரில் எதற்கடா படகு?

காரணம் எங்கள் தெருவுக்கே தெரியும். யாரும் சிரிக்காததற்கும் அதுதான் காரணம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் எஸ்டேட் எல்லாம் தண்ணீர். எங்கள் தெருவில் இடுப்பளவு. மூன்றாவது வீட்டுத் தாத்தாவுக்கு ஆஸ்துமா. கரண்ட் இல்லை, நெபுலைஸர் ஓடவில்லை, ராத்திரி முழுக்க மூச்சு இழுத்தது. போன் கிடைக்கவில்லை. மறுநாள் காலை என் மச்சினனும் இன்னும் மூன்று பையன்களும் 20 லிட்டர் வாட்டர் கேன் ஆறேழைக் காலி செய்து மூடி, கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் கட்டி, தாத்தாவை அதில் உட்காரவைத்து, குடையைக் கையில் கொடுத்து, மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் இரண்டு தரம் கட்டில் சாய்ந்தது. இரண்டாவது தரம் தாத்தா தண்ணீருக்குள் போய்விட்டார். தூக்கினார்கள். பிழைத்தார்.

மச்சினன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "2015-ல மீனவருங்க லாரில போட்டை ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்தாங்க இல்ல மாமா? நம்ம தெருவுக்கு அவங்க வந்து சேர எவ்ளோ நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விதான் பிப்ரவரியில் லாரி ஏறி வந்திருந்தது.

"எவ்ளோடா கொடுத்தே?"

"எஞ்சினோட சேத்து எழுபத்தஞ்சு. அடிமாட்டு விலை மாமா."

அடிமாட்டு விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடிமாடாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். ஏதோ ஓர் ஏரியில் இருபது வருஷம் டூரிஸ்ட்டுகளைச் சுமந்து, ரிட்டயராகி, இரண்டு மூன்று கை மாறிய படகு.

"பழசாச்சேடா, உளுத்திருக்காது?"

"மாமா, இது மரம் இல்ல, ஃபைபர். ஃபைபருக்கு ஏது சாவு?"

ஃபைபருக்குச் சாவு இல்லைதான். அதற்குள்ளே இருப்பதற்கு உண்டு. இது எங்களுக்குத் தெரிய மார்ச் மாதம் ஆயிற்று.

எஸ்டேட்டில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி. தண்ணித் தொட்டி, பாத்ரூம் கதவு, கோயில் திருவிழாவுக்கு வாகனம் எல்லாம் செய்கிறவர். எஞ்சினை மாட்ட நாலு போல்ட் புதிதாகப் போட வேண்டும் என்று அவரை அழைத்து வந்தோம். அவர் போல்ட்டை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன சுத்தியலை எடுத்து, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி படகைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

டங். டங். டங். டங்.

பின்பக்கம் வந்தார்.

தொப்.

நின்றார். ஒரு சாண் தள்ளித் தட்டினார். தொப். கீழே தட்டினார். தொப்.

"தம்பி, எஞ்சினோட காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க."

மச்சினன் ஆட்டினான். எஞ்சினோடு சேர்ந்து, அதைத் தாங்கும் பின்பலகையும் ஆடியது. விழப்போகிற பால் பல் மாதிரி.

மேஸ்திரி டிரில்லிங் மெஷினில் மெல்லிய பிட் ஒன்றைப் போட்டு உள்பக்கமாக ஒரு துளை போட்டார். நல்ல மரமாக இருந்தால் வெளுப்பாக, காய்ந்த தூள் வரும். இங்கே வந்தது புளிக்கரைசல். அதற்குப் பின்னால் பில்டர் காப்பி டிகாஷன் நிறத்தில் தண்ணீர், சொட்டுச் சொட்டாக. ஒரு டம்ளர் நிறைகிற வரை நிற்கவில்லை. மழைக்காலத்தில் பழைய பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாசனை.

"உள்ள பிளைவுட்டு பூரா போயிடுச்சு. வெளில பெயின்ட்டு மட்டும்தான் புதுசு" என்றார் மேஸ்திரி. மச்சினன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஃபைபர் படகு என்பது வாழைக்காய் பஜ்ஜி. வெளியே கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த மாவு. உள்ளே வாழைக்காய் மாதிரி மரம். படகின் உடம்பு முழுக்க மரம் இருக்காது. கனம் தாங்க வேண்டிய இடங்களில் இருக்கும். எஞ்சின் தொங்குகிற பின்பலகை (இதற்கு டிரான்சம் என்று பெயர்), அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள், நிற்கிற தளம். ஃபைபர் மட்டும் போட்டால் அவ்வளவு விறைப்புக்கு அது ரொம்பக் கனமாக வேண்டும், விலை எகிறும். அதனால் நடுவில் பிளைவுட்டை வைத்து இரண்டு பக்கமும் ஃபைபரைப் பூசிவிடுவது. தப்பில்லை, உலகம் முழுக்கப் பல வருஷங்களாகச் செய்வதுதான்.

தப்பு எங்கே நடக்கிறது? யாராவது ஒரு ஸ்க்ரூ போடுவார்கள். ஏணி மாட்ட ஒன்று, போர்டு மாட்ட ஒன்று, எஞ்சின் போல்ட் நாலு, தண்ணீர் வடிகிற ஓட்டை ஒன்று. ஒவ்வொரு துளையும் பஜ்ஜி மாவில் விழுந்த பொத்தல். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். போகத் தெரிந்த தண்ணீருக்குத் திரும்பி வரத் தெரியாது. இரண்டு பக்கமும் ஃபைபர் மூடியிருக்கிறதே!

இங்கேதான் நான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். மரம் தண்ணீரால் கெடுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். கெடுப்பது பூஞ்சணம். அதற்கு ஈரமும் வேண்டும், கொஞ்சம் காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணத்தால் அதில் பிழைக்க முடியாது. மரம் முழுக்கத் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தால் காற்று இல்லை, அப்போதும் முடியாது. கேரளத்தில் கிணற்றின் அடியில் நெல்லிப் பலகை போட்டு வருஷக் கணக்கில் விட்டுவைக்கிறார்களே, அந்த ரகசியம் இதுதான். நனைந்து நனைந்து காய்கிற மரம் பிழைக்கும். முழுகியே கிடக்கிற மரமும் பிழைக்கும். நனைந்து, மூடப்பட்டு, காயவும் முடியாமல் முழுகவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்ட மரம்தான் சாகிறது.

(சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டு பாத்ரூம் கதவின் கீழ்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் சமையலறை ஸிங்க்குக்கு அடியில் சன்மைக்கா ஒட்டிய பலகையை. அழுத்தியபின் என்னைத் திட்டக்கூடாது.)

இன்னொரு வேடிக்கை, உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் மோசம். உப்பு பூஞ்சணத்துக்கு ஆகாது. அந்தக் காலத்து மரக்கப்பல்களில் சட்டங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி அடைப்பார்கள். கடலில் மரத்துக்கு எதிரி கப்பல் புழு, கரையில் மழை. ஆக, ஏரியில் இருபது வருஷம் இருந்துவிட்டு, அப்புறம் யாரோ ஒருவர் தோட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்த காலத்தில்தான் இந்தப் படகுக்கு மரண அடி விழுந்திருக்க வேண்டும். எங்கள் காலி மனையிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். கொசு ஒழிப்புக்கு வந்த கார்ப்பரேஷன் பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்து, "சார், இது போட்டா, தொட்டியா?" என்று கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காசிமேட்டில் தெரிந்தவர் மூலம் ஒரு பெரியவரைப் பிடித்தோம். எழுபது தாண்டியவர். மச்சினன் கதையைச் சொன்னான். பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கட்டுமரத்த நாங்க கரைக்கு வந்தா அவுத்துப் போட்டுருவோம் கண்ணு. கட்ட கட்டயா மணல்ல காயும். மறுநாளு கட்டிக்கினு போவோம். உன் போட்ட அவுக்க முடியுமா?" என்றார்.

முடியாது. அதுதான் விஷயம். பல நூறு வருஷங்களாக இந்தக் கரையில் இருந்த படகு, தினமும் பிரித்துக் காயப்போடுகிற படகு. ஆணி இல்லை, கயிறுதான். 1979-ல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரம்பித்தது. அலையில் இறங்கி மணலில் ஏறக்கூடிய படகுகளை ஃபைபரிலும் செய்து பார்த்தார்கள். மரம் கிடைப்பது அருகிக்கொண்டே வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகளை வழங்கின. அவசரம். கடற்கரை ஓரமெல்லாம் புதுப் பட்டறைகள் முளைத்தன. நல்ல படகுகளும் வந்தன. சுமாரான படகுகளும் வந்தன. பெயின்ட் அடித்தபின் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் ஃபைபரின் குணம். மரப்படகு கெட்டால் கண்ணுக்குத் தெரியும். இது கடைசி நாள் வரை மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும்.

சரி, என்ன செய்வது?

இரண்டு வழி இருந்தது. முதல் வழியை மனை புரோக்கர் ஒருவர் சொன்னார். (அவருக்கு மனை, படகு எல்லாம் ஒன்றுதான்.) "நாலு எம்-ஸீல் வாங்கி அந்த ஓட்டையை அடைங்க. மேல ஒரு கோட் பெயின்ட். பழவேற்காடு பக்கம் ஒரு பார்ட்டி இருக்கு. ஏரில ஜனங்களை ஏத்தப் போறாராம். தொண்ணூறு கொடுப்பார்."

எழுபத்தைந்துக்கு வாங்கி தொண்ணூறு. மச்சினனுக்கு எஸ்டேட்டில் லேத் வேலை. எழுபத்தைந்தாயிரம் என்பது அவனுடைய இரண்டு வருஷச் சீட்டுப் பணம். அவன் இரண்டு நாள் யோசித்தான். நான் நல்லவன் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேனே தவிர, நானும் "கேட்டுத்தான் பாரேன்" என்று சொன்னேன். என் மனைவிதான் இட்லி ஊற்றிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, "பழவேற்காட்டுல 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரு போட் கவுந்து 22 பேர் போனாங்களே" என்றாள். அந்த விபத்துக்குக் காரணங்கள் வேறு. ஆனால் அதற்கப்புறம் யாருக்கும் இட்லி இறங்கவில்லை.

பார்ட்டி வந்தார். ஏழெட்டு வயசுப் பெண்ணையும் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டி வந்திருந்தார். அந்தக் குழந்தை நேராகப் படகில் ஏறி எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "டுர்ர்ர்" என்றது. மச்சினன் ஒன்றும் பேசவில்லை. மேஸ்திரி விட்டுப் போயிருந்த சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"அண்ணே, முன்னாடி ஒரு தட்டு தட்டுங்க. இப்ப பின்னாடி தட்டுங்க."

அவர் தட்டினார். புரிந்துகொண்டார். மகளை இறக்கிக்கொண்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். புரோக்கர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அது தனி லாபம்.

ஏப்ரலில் வேலை ஆரம்பித்தது. முதலில் படகை அசையாமல் உட்காரவைக்க மணல் மூட்டைகள். உள்சட்டங்களை எடுத்துவிட்டால் வெளி உடம்பு கோணிக்கொள்ளும். கோணலோடு புதுச்சட்டம் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கோணல்தான் என்று மேஸ்திரி பயமுறுத்தியிருந்தார். அப்புறம் கிரைண்டரை வைத்து பின்பலகையின் உள்பக்கத்து ஃபைபரை மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்தார். வெளிப்பக்கத்துத் தோலைத் தொடவில்லை. அதுதான் புதுப் பலகைக்கு அச்சு.

உள்ளே இருந்த பிளைவுட்டுக்கு உளி தேவைப்படவில்லை. என் மனைவியின் குழிக்கரண்டி போதுமாக இருந்தது. கறுப்பு அல்வா, நாலு பக்கெட். தளத்தை வெட்டினால் அடியில் நுரைப் பஞ்சு அடைத்திருந்தார்கள், படகு முழுகாமல் மிதக்க. அது தண்ணீரைக் குடித்துக் குடித்து, தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மிதக்க வைத்ததே முழுகடிக்கப் பார்த்திருக்கிறது! சட்டங்களில் இரண்டு போய்விட்டிருந்தன, இரண்டு பிழைத்தன.

கண்ணாடித் தூள் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஃபைபரைக் கிரைண்டர் போட்டால் பறக்கிற தூள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல மாஸ்க் எல்லாம் போட்டுக்கொள்ளச் சொன்னார் மேஸ்திரி. நான் லுங்கியோடு வேடிக்கை பார்க்கப் போனேன். மறுநாள் ஆபீஸில் மேனேஜர் எதிரில் உட்கார்ந்துகொண்டு சொறிய முடியாத இடத்தில் அரித்தபோது அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. இன்க்ரிமென்ட் பற்றிச் சொன்னாராம்.

திறந்த படகை மூன்று வாரம் வெயிலில் போட்டோம். இதற்காகவே படைக்கப்பட்டது அம்பத்தூர் வெயில். சாயங்காலமானால் தார்ப்பாய். காய்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி. ஒரு பாலித்தீன் துண்டை மரத்தின்மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட வேண்டும். காலையில் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம். பிழைத்த சட்டங்களுக்கு மச்சினன் தினமும் இந்த ஜுரம் பார்த்தான்.

அடுத்தது பிளைவுட். மரைன் பிளை என்று கேட்டால் கடைக்காரர் எதையும் எடுத்துக் கொடுப்பார், முத்திரையும் இருக்கும். ஐ.எஸ். 710 என்கிற தரத்துக்கான சோதனை என்ன தெரியுமா? துண்டை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டும் ஒட்டு பிரியக்கூடாது. இதை எங்கள் திருமுல்லைவாயல் ஆசாரி சொன்னதும், மச்சினன் இரண்டு கடையிலிருந்து ஆளுக்கொரு துண்டு வாங்கி வந்தான். அடுப்பு எங்களுடையது. பாத்திரம் என் மனைவியின் இட்லிக் குண்டான். 72 மணி நேரம் கொதிக்கவிட நாங்கள் என்ன கேஸ் ஏஜென்ஸியா நடத்துகிறோம்? ஒரு ராத்திரி பார்ப்போம் என்றாள். அதற்கே ஒரு துண்டு, முத்திரையோடு சேர்த்து, பரோட்டா மாதிரி பரத்து பரத்தாகப் பிரிந்து மிதந்தது. இன்னொன்று கல்லு. அந்தக் கடையிலேயே வாங்கினோம். குண்டான் இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பயன்படுகிறது. இட்லியில் பெவிகால் வாசனை வருகிறதென்று நான் ஒருநாள் சொன்னது தப்பு.

ரெசினில் சண்டை வந்தது. மேஸ்திரி முப்பது வருஷமாக பாலியஸ்டர் ரெசின்காரர். ஆசாரியோ மரத்தில் எபாக்ஸிதான் பிடிக்கும் என்றார். இருவருமே சரி. பாலியஸ்டர் மலிவு, ஃபைபரோடு நன்றாகப் போகும், ஆனால் மரத்தை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாது. எபாக்ஸி பிடிக்கும், விலையும் நம்மைப் பிடிக்கும். கடைசியில் பின்பலகை எபாக்ஸி, தளம் பாலியஸ்டர் என்று ராஜி ஆயிற்று.

தளத்துக்கான பாலியஸ்டரை முதலில் எடுத்தார்கள். மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு. ரெசினில் கோபால்ட் கலந்து நன்றாகக் கலக்கிவிட்டு, கடைசியாக ஹார்டனர் ஒன்றிரண்டு சதவிகிதம்தான் விட வேண்டும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். இதை மேஸ்திரி விளையாட்டாகச் சொல்லவில்லை. மச்சினன் முறைப்படிதான் கலந்தான். ஆனால் மக் நிறையக் கலந்துவிட்டு எனக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். விளக்கம் முடிவதற்குள் மக் புகைந்தது. பிளாஸ்டிக் மக்கு உருகி, உள்ளே தேன் நிறத்தில் ஒரு கண்ணாடிக் கொழுக்கட்டை. அதற்கப்புறம் காலை ஐந்து மணிக்குத்தான் வேலை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலவை.

பின்பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு. ஓரங்களுக்கெல்லாம், முக்கியமாக வெட்டு வாய்க்கு, எபாக்ஸியை மூன்று தரம் ஊறவிட்டார் ஆசாரி. மரம் தண்ணீரைக் குடிப்பது வெட்டு வாய் வழியாகத்தான். பிறகு தோசைமாவுப் பதத்தில் எபாக்ஸியைப் பூசி, பலகையை வெளித்தோலோடு ஒட்டி, இரும்பு ஆங்கிள் வைத்து போல்ட் போட்டு இறுக்கினார். இண்டு இடுக்கில் கலவை பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். மூலைகளைக் கூர்மையாக விடாமல் விரலால் வழித்து வளைவாக்கி, மேலே கண்ணாடித் துணி அடுக்கடுக்காக. பழைய ஃபைபரோடு சேரும் இடத்தை, ஒரு பங்கு கனத்துக்குப் பன்னிரண்டு பங்கு தூரம் சரிவாகத் தேய்த்திருந்தார்கள். வெறுமனே முட்டவைத்து ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே விட்டுக்கொள்ளும்.

தளப் பலகை ஒட்டியபோது பாரம் போதவில்லை. தெருவே கை கொடுத்தது. நாலு அம்மிக்கல், மூன்று ஆட்டுக்கல், மாமி வீட்டுப் பழைய கிரைண்டர். மிக்ஸி வந்தபின் இவற்றுக்கெல்லாம் கிடைத்த முதல் வேலை.

கடைசியில் எஞ்சின் போல்ட். மேஸ்திரி நேரடியாக ஓட்டை போடவில்லை. போல்ட்டைவிடப் பெரிதாகத் துளைத்தார், அதை எபாக்ஸியால் அடைத்தார், இறுகியபின் அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளைத்தார். இப்போது போல்ட்டைச் சுற்றி ரெசின்தான். தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. இதற்கு அரை மணி கூட ஆகவில்லை. இருபது வருஷம் முன்னால் யாரோ செலவழிக்காத அரை மணி!

மொத்தச் செலவு 41,000. படகு விலையில் பாதிக்கு மேல். எழுதி வைத்த நோட்டை மச்சினன் என் மனைவியிடம் காட்டவில்லை.

ஜூன் கடைசியில் எஞ்சினை மாட்டினோம். "காலைப் பிடிச்சு ஆட்டுங்க" என்றார் மேஸ்திரி. ஆட்டினான். பின்பலகை அசையவில்லை. அதற்குப் பதில் படகு மொத்தமும் மணல் மூட்டையோடு ஆடியது. மேஸ்திரி வாயைத் திறந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது படகு சின்னத் தகரக் கொட்டகைக்குள், முன்பக்கம் ஒரு முழம் உயரமாக, வடிகால் அடைப்பான் கழற்றப்பட்டு நிற்கிறது. எஞ்சின் படகைத் தண்ணீரில் ஓட்டுவதற்குப் பதிவு வேண்டும். மச்சினன் அதற்கு நடையாய் நடந்துகொண்டிருக்கிறான். அதைத் தனியாக இன்னொரு வாரம் எழுதுகிறேன், இதைவிடப் பெரிய கதை.

2024 அக்டோபர் நடுவில் பெருமழை என்றார்கள். வேளச்சேரியில் பாலத்தின்மேல் கார்களை நிறுத்தினார்களே, அந்த வாரம்தான். மச்சினன் லீவு போட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட் ஆறையும் எண்ணி வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கக் கொட்டகையில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கணுக்கால் வரை வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்தது. வடிந்துவிட்டது.

காலையில் பால் வாங்கப் போனேன். மூன்றாவது வீட்டுத் திண்ணையில் தாத்தா. ஸ்வெட்டர், மப்ளர், மடியில் மருந்துப் பை, கையில் அதே குடை. ராத்திரி முழுக்க ரெடியாக உட்கார்ந்திருக்கிறார்.

"வடிஞ்சுடுத்தா?"

"வடிஞ்சுடுச்சு தாத்தா."

முகம் விழுந்துவிட்டது. எழுந்து, கொட்டகை வரை மெல்ல நடந்து வந்தார். மச்சினனும் நானும் கை கொடுத்து ஏற்றி, எஞ்சின் பக்கத்து ஸீட்டில் உட்காரவைத்தோம். கைத்தடியால் பின்பலகையை ஒரு தட்டு தட்டினார்.

டங்.

"ஸ்டார்ட் பண்ணுடா."

"தண்ணி இல்லையே தாத்தா."

"அது எனக்குத் தெரியாதா? சத்தம் கேக்கணும்."

"தண்ணி இல்லாம ஓட்டினா எஞ்சின் சூடாகிப் போயிடும் தாத்தா. பெரிய டிரம்ல தண்ணி ரொப்பி காலை முக்கித்தான் ஓட்டணும்."

தாத்தா குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்தார். "நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

மச்சினன் டிரம் தேடப் போனான்.